எங்களைப் பற்றிக் கதைத்தது போதும், மைக்கை இங்கால தாங்கோ

ஏப்ரல் 2 வந்தால் எங்கட ஊர்க் கடைகளில் நீலப் பலூன் முடிந்துவிடும். மண்டப வாசலில் நீலப் பலூன், பதாகையில் நீலப் புதிர்த்துண்டு, வரவேற்க நிற்கிற பிள்ளைகளின் தலையில் நீல றிபன். மங்கள விளக்கேற்றல், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, சிறப்பு விருந்தினர் உரை, கௌரவ விருந்தினர் உரை, வைத்தியரின் விளக்கவுரை, பிரதம விருந்தினர் உரை. இவ்வளவும் முடிந்து, நன்றியுரைக்குக் கொஞ்சம் முன்னால் "அனுபவப் பகிர்வு" என்று ஐந்து நிமிடம்.

இரண்டு வருசத்துக்கு முன் அந்த ஐந்து நிமிடம் எனக்குக் கிடைத்தது. ஓட்டிசம் பற்றி மூன்று மணித்தியாலம் கதைத்த மேடையில் ஓட்டிசம் உள்ள ஆள் ஒருத்தி வாய் திறந்தது அந்த ஐந்து நிமிடம்தான். பிரதம விருந்தினர் பிந்தி வந்தபடியால் அதையும் மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்லித் துண்டு வந்தது.

எந்த அமைப்பு, எந்த மண்டபம் என்று எழுதப் போவதில்லை. இன்பொக்ஸில் வந்து கேட்கவும் வேண்டாம். ஒரு பெயரைச் சொன்னால் மற்ற எல்லாரும் "நல்லகாலம், நாங்கள் இல்லை" என்று நிம்மதியாகிவிடுவார்கள். நீங்களும்தான்.

பேச்சை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். திரும்பி வந்தபோது மூன்று இடம் வெட்டுப்பட்டிருந்தது. கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை என்று என்னை வாங்கில் ஏற்றி நிறுத்தின ஆசிரியரைப் பற்றின பகுதி இல்லை (ஆசிரியர்மாரும் வருவினம், மனம் நோகும்). ஓட்டிசத்தை நோய் என்று சொல்லாதீர்கள் என்ற வரி இல்லை (டொக்டர் மேடையில் இருப்பார்). நேர்முகத் தேர்வில் மூன்று தரம் தோற்ற கதை இல்லை (கொஞ்சம் பொசிட்டிவாச் சொல்லுவம் பிள்ளை). வெட்டின இடத்தில் இரண்டு வரி புதிதாக முளைத்திருந்தது. ஒன்று, நாங்கள் கடவுளின் விசேட குழந்தைகள் என்பது. எனக்கு அப்போது 26 வயது. மற்றது, என்னால் முடிந்தது உங்களாலும் முடியும் என்பது. என்ன முடிந்தது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

பேச்சு எனக்குப் புதிதில்லை. ஆறாம் ஆண்டிலிருந்து தமிழ்த்தினப் போட்டிக்குப் பேசினவள் நான். கோட்டம், வலயம் தாண்டி மாகாணம் வரைக்கும் போயிருக்கிறேன். பாடமாக்குவது எனக்குச் சுகம். எங்கே குரலை உயர்த்துவது, எங்கே கையை விரிப்பது, எந்த இடத்தில் கண் கலங்குவது என்றெல்லாம் கொப்பியில் சிவப்புப் பேனையால் குறித்துத் தந்தார்கள். மனிசரோடு எப்படிக் கதைப்பது என்று என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே தெளிவான அறிவுறுத்தல் அது. "சபையைப் பார்" என்றார் ரீச்சர். நான் பின்சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். சபையைப் பார்க்கிறேன் என்று நினைத்து நடுவர்கள் புள்ளி போட்டார்கள்.

மேடையில் ஆரும் இடையில் மறித்துக் கேள்வி கேட்கமாட்டார்கள். எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்பதற்கு மணி இருக்கிறது. பிரச்சினை இடைவேளை மணியில்தான். ஆரோட போய் நிக்கிறது, எப்ப சிரிக்கிறது, சொன்னது பகிடியா உண்மையா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது, இதுக்கெல்லாம் ஆரும் சிவப்புப் பேனையால குறிச்சுத் தரேல்லை. இன்றைக்கும் அப்படித்தான். முந்நூறு பேருக்கு முன்னால் பேச எனக்குப் பயமில்லை. கீழே இறங்கி வந்து மூன்று பேரோடு தேத்தண்ணி குடிக்கத்தான் பயம்.

சின்ன வயதில் பள்ளிக்கூட மணிக்குக் காதைப் பொத்துவேன். 2006, 2007 யாழ்ப்பாணத்தில் காதைப் பொத்துகிற பிள்ளைக்கு ஆரும் காரணம் தேடவில்லை. "ஷெல் சத்தத்துக்குப் பயந்த பிள்ளை" என்றார்கள், நானும் நம்பினேன். சண்டை முடிந்தது. மணிக்கும் மிக்ஸிக்கும் கோயில் ஸ்பீக்கருக்கும் காது பொத்துவது முடியவில்லை. ஆம்பிளைப் பிள்ளையாக இருந்திருந்தால் குழப்படிக்காரன் என்றாவது கவனித்திருப்பார்கள். பொம்பிளைப் பிள்ளை கதைக்காமல் மூலையில் இருந்தால் எங்கட சனம் அதற்கு வைத்திருக்கிற பெயர் "அடக்கமான பிள்ளை". அந்தப் பெயரோடு கம்பஸும் முடித்து, வேலைக்கும் போய், உடைந்து, கடைசியில் கொழும்பில் ஒரு வைத்தியரிடம் போய்த்தான் தெரிய வந்தது.

சரி, அன்றைக்கு மூன்று நிமிடம் பேசினேன். வெட்டின மூன்றையும் பேசினேன், செருகின இரண்டையும் விட்டேன். கைதட்டினார்கள். பிறகு தேத்தண்ணி.

முதலில் வந்த அன்ரி என் கையைப் பிடித்தா (கேட்காமல்). "இவ்வளவு வடிவாக் கதைக்கிறீர் பிள்ளை. உமக்கு அதெல்லாம் இருக்காது. டொக்டர் பிழையாச் சொல்லியிருப்பார்." ஆறுதலுக்குத்தான் சொன்னா. எனக்கு விளங்கியது வேறு. எனக்கு முன்னால் இன்னொரு பையனை மேடையில் ஏற்றியிருந்தார்கள், பேச இல்லை, பரிசு வாங்க. அவன் மைக்கில் "நன்றி" சொல்ல முயன்று தடக்கினபோது அதே அன்ரியின் வரிசையிலிருந்துதான் "ஐயோ பாவம்" வந்தது. தடக்கினால் பாவம். நல்லாப் பேசினால் பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நிற்கிறதுக்கு ஒரு அடி இடம் கூட உங்கட விழிப்புணர்வு மேடையில் இல்லை.

இது என் மனக்குறை மட்டுமில்லை. அமெரிக்காவில் நோவா சாசன் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஓட்டிசம் உள்ள பெரியவர்களும் இல்லாதவர்களும் தொலைக்காட்சித் தேர்வுக்குப் பேசுவதுபோல் தங்களைப் பற்றிப் பேசினார்கள். அதில் சில விநாடித் துண்டுகளை வெட்டி, முன்பின் தெரியாத ஆட்களிடம் காட்டினார்கள். சிலருக்கு வீடியோ, சிலருக்குக் குரல் மட்டும், சிலருக்குப் படம் மட்டும், சிலருக்குப் பேசினதை எழுத்தில். இந்த ஆளோடு கதைப்பீர்களா, பக்கத்தில் இருப்பீர்களா என்று கேட்டார்கள். பார்த்தவர்களும் கேட்டவர்களும் ஓட்டிசம் உள்ளவர்களைச் சில விநாடியிலேயே ஒதுக்கினார்கள். எழுத்தில் வாசித்தவர்களிடம் மட்டும் அந்த வித்தியாசம் இல்லாமல் போனது.

இதைத் திரும்ப ஒருக்கா வாசியுங்கோ. நாங்கள் சொன்ன விசயத்தில் ஒரு குறையும் இல்லை. சொன்ன குரல் தட்டையாக இருந்தது, கண் வேறெங்கோ பார்த்தது, கை எதிர்பார்த்த இடத்தில் அசையவில்லை. ஆளை வெட்ட அது போதுமாக இருந்தது. எங்கட பேச்சுப்போட்டிப் புள்ளித்தாளும் அதைத்தானே அளக்கிறது? குரல் வளம், உடல்மொழி, அவையோடு தொடர்பு. விசயத்துக்கு எத்தனை புள்ளி என்று போட்டி நடத்துகிறவர்களைக் கேளுங்கள். குரல் வளத்துக்கு வாக்குப் போட்டுப் போட்டு இந்த இனம் எங்கே வந்து நிற்கிறது என்பது வேறு கட்டுரை.

2018இல் கிரேட்டா துன்பேர்க் 15 வயதில் ஸ்ரொக்கோமில் மேடையேறி, தனக்கு அஸ்பேர்ஜர் இருக்கிறது, தேவை என்று பட்டால்தான் கதைப்பேன் என்று சொன்னபோதும் நடந்தது இதுதான். அவர் சொன்ன காபன் கணக்கைப் பிழை என்று நிரூபிக்க வந்தவர்களைவிட, அவரின் முகத்தையும் தொனியையும் நக்கலடிக்க வந்தவர்களைத்தான் நான் கூடக் கண்டேன். அடுத்த வருசம் அவர், சரியான சூழல் அமைந்தால் வித்தியாசமாக இருப்பது ஒரு சுப்பர் பவர் என்று எழுதினார். எங்கட மேடைக்கு அது வந்து சேர்ந்தபோது "சரியான சூழல் அமைந்தால்" காணாமல் போய்விட்டது. சுப்பர் பவர் மட்டும் பதாகையில் இருக்கிறது. சூழலை அமைக்கிறது உங்கட வேலை எல்லோ, அதுதான் வசதியாக விழுந்துபோச்சு.

அந்தப் பெயரைப் பற்றியும் சொல்ல வேணும். என் அறிக்கையில் இருப்பது ஓட்டிசம் என்றுதான். அம்மா ஆருக்கும் சொல்ல வேண்டி வந்தால் "அஸ்பேர்ஜர்" என்பா. அதைச் சொல்லும்போது வெளிநாட்டுப் பட்டம் மாதிரிக் கேட்கும். "மற்றப் பிள்ளையள் மாதிரி இல்லை, இது கெட்டிக்காரருக்கு வாறது" என்று ஒரு வாலும் சேர்ப்பா. அம்மாவில் கோபமில்லை. ஆனால் மேடையில் நின்று ஐன்ஸ்டீனுக்கும் நியூட்டனுக்கும் அஸ்பேர்ஜர் இருந்தது என்று அடித்துவிடுகிற பேச்சாளர்களில் கோபம் இருக்கிறது. செத்தவர்களை ஆர் பரிசோதித்தது? 

ஹான்ஸ் அஸ்பேர்ஜர் வியன்னாவில் நாசி ஆட்சிக் காலத்தில் வேலை செய்த குழந்தை வைத்தியர். தன் பிரபலமான கட்டுரையை 1944இல் வெளியிட்டார். அவருக்கு முன்னால், 1925இலேயே, குருன்யா சுகரேவா என்ற சோவியத் பெண் வைத்தியர் இதே மாதிரி ஆறு பையன்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். பெயர் வியன்னாக்காரருக்குப் போனது. 1981இல் லோர்னா விங் என்ற பிரித்தானிய வைத்தியர் (ஓட்டிசம் உள்ள மகளின் தாய்) அந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். 1994இல் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேட்டில் ஏறி, 2013இல் இறங்கியது. இப்போது எல்லாம் ஒரே பெயருக்குக் கீழ், ஓட்டிசம். 2018இல் ஹேர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் பழைய ஆவணங்களைத் தோண்டி, அஸ்பேர்ஜர் சில பிள்ளைகளை ஆம் ஸ்பீகல்குறுண்ட் என்ற இடத்துக்கு அனுப்பி வைத்ததைக் காட்டினார். அது பிள்ளைகளைக் கொன்ற இடம். 1940க்கும் 1945க்கும் இடையில் ஏறத்தாழ 800 பிள்ளைகள் அங்கே செத்தார்கள்.

அந்தப் பெயரோடு வளர்ந்து, அது தன் பெயர் என்று வைத்திருக்கிறவர்களிடம் நான் பறிக்கப் போவதில்லை. ஆனால் உதவக்கூடிய பிள்ளை ஒரு பக்கம், உதவாத பிள்ளை மற்றப் பக்கம் என்று பிரிக்கிற வேலைக்குத்தான் எங்கட சனம் இந்தப் பெயரைப் பாவிக்கிறது என்றால், அது ஆர் பார்த்த வேலை என்று தெரிந்துகொண்டு பாவியுங்கோ.

அன்றைக்குத் தேத்தண்ணியில் இரண்டாவதாக வந்த அக்காவுக்கு இன்னும் என்னிடம் முழுப் பதில் இல்லை. "என்ர மகனுக்கு ஒன்பது வயசு. ஒரு சொல்லும் கதைக்கமாட்டான். நீங்கள் மேடையில ஏறிப் பேசுறீங்கள். அவனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" நியாயமான கேள்வி. அவவுக்கு இரவில் நித்திரை இல்லை, பள்ளிக்கூடம் சேர்க்க மறுத்திருக்கிறது, புருசன் பக்கத்துச் சனம் இவவைக் குற்றம் சொல்லுகிறது. அவவிடமிருந்து மைக்கைப் பறி என்று நான் சொல்லமாட்டேன். அந்த மூன்று மணித்தியாலத்தில் அவவுக்கும் ஒரு நிமிடம் கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் ஒன்று. அவவின் மகன் கதைக்கிறான் இல்லை, கேட்கிறான் இல்லை என்று ஆர் சொன்னது? அவன் முன்வரிசையில்தான் இருந்தான். வேறொரு பேச்சாளர் மேடையில் நின்று இப்படியான பிள்ளைகள் மலசலம் போகிற விதத்தையும், பெற்றோர் படுகிற அவமானத்தையும் மைக்கில் விவரித்தபோது அவன் கதிரையை விட்டு எழும்பி மண்டபத்தைச் சுற்றி ஓடினான். எல்லாரும் "பாருங்கோ, இதுதான்" என்று பார்த்தார்கள். எனக்கென்றால், அந்தப் பேச்சுக்கு அந்த மண்டபத்தில் வந்த ஒரே சரியான எதிர்வினை அவனுடையது.

1993இல் கனடாவின் ரொறொன்ரோவில் நடந்த ஓட்டிசம் மாநாட்டில் ஜிம் சின்கிளேர் என்ற ஓட்டிசம் உள்ளவர் பெற்றோரைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்று பேசினார். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை பிறக்கவில்லை என்ற துக்கம் உங்களுடையது, அதை எங்கள் தலையில் வைக்காதீர்கள் என்பதுதான் சாரம். பெற்றோரை ஏசவில்லை, வாங்கோ சேர்ந்து வேலை செய்வம் என்றுதான் கூப்பிட்டார். முப்பது வருசம் தாண்டிவிட்டது. எங்கட மேடையில் இன்னும் துக்கவீடுதான் நடக்கிறது, பலூனோடு.

பிறகு ஏன் பேசப் போனாய் என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் போகிற வழியில் ஓட்டோவில் அம்மாவும் அதைத்தான் கேட்டா. "ஒருக்காச் சொன்னது காணும். இனி ஓரிடமும் சொல்லாதை. நாளைக்குக் கலியாணம் பேசேக்க ஆரும் உந்த வீடியோவைக் காட்டினா?" அம்மாவின் பயம் பொய்ப் பயம் இல்லை. இந்தக் கட்டுரையும் என் பெயர் இல்லாமல்தான் வருகிறது, கவனித்திருப்பீர்கள்.

போனதற்குக் காரணம் இரண்டு. அதே சாசனும் இன்னொருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இந்த ஆளுக்கு ஓட்டிசம் என்று முன்பே சொல்லிவிட்டால், பார்க்கிறவருக்கும் ஓட்டிசம் பற்றிக் கொஞ்சம் உண்மையான அறிவு இருந்தால், அந்த முதல் அபிப்பிராயம் நல்ல பக்கம் திரும்புகிறது என்று வந்தது. அதாவது சொல்வதில் பலன் இருக்கிறது. எல்லாரும் மறைத்தால் சொல்லுகிற ஒருத்தியின் தலையில் முழுப் பாரமும் விழும்.

மற்றக் காரணம் அன்றைக்கு மூன்றாவதாக வந்த ஐயா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். பேரப்பிள்ளையோடு வந்திருந்தார். என்னைப் பார்க்காமல், என் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அந்த மூண்டாவது ஃபான் சத்தம் உங்களுக்கும் கேட்டதோ?"

"ஓம். முழு நேரமும்."

"எனக்கும்." அவ்வளவுதான். போய்விட்டார். அன்றைக்கு நான் கதைத்ததில் ஆக நல்ல கதை அது.

இலங்கையில் 18 முதல் 24 மாதக் குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கைத் தந்தது. அந்தக் கணக்கைப் பிடித்தால் முந்நூறு பேர் இருந்த அந்த மண்டபத்தில் மேடைக்குக் கீழேயே மூன்று பேர். ஆயிரம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பத்துப் பேர். பேச்சாளர்கள் எல்லாரும் "இவர்களை நாங்கள் எப்படி அரவணைக்க வேண்டும்" என்று "இவர்கள்" வெளியில் எங்கேயோ இருக்கிற மாதிரிப் பேசுகிறார்கள். இவர்கள் உங்களுக்கு முன்னால் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து மூன்றாவது ஃபானை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு நூலக அறையில் வேறு மாதிரிச் செய்து பார்த்தோம். பதினாலு பேர் வந்தார்கள். மைக் இல்லை, விளக்கு இல்லை, விருந்தினர் இல்லை. பேச்சு முழுக்க அச்சடித்து வாசலிலேயே கொடுத்தோம், வாசிக்க விரும்பினவர்கள் வாசித்தார்கள். பேசினவர்களில் ஒருவர் எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். இன்னொருவர் பேசவில்லை, எழுதித் தந்ததை நான் வாசித்தேன். வெளியே போய்வர நினைத்தவர்கள் கேட்காமல் போய்வந்தார்கள். கேள்விகள் துண்டில். ஆசிரிய பயிற்சியில் இருக்கிற ஒருவர், வகுப்பில் ஒரு பிள்ளை கதிரையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள், நிற்பாட்டச் சொல்லலாமா என்று கேட்டிருந்தார். ஆட்ட விடுங்கோ, ஆட்டாமல் இருக்கிறதில கவனம் போனால் நீங்கள் சொல்லுறதில கவனம் இராது என்று பதில் சொன்னோம். இன்னொரு துண்டில் ஒரே ஒரு வரி: "பிறந்தநாள் பாட்டுப் பாடேக்க நாங்கள் எங்க பாக்கிறது?" எழுதினது ஆர் என்று நாங்கள் தேடவில்லை. அதற்குப் பதில் சொல்ல அரை மணித்தியாலம் போனது. கேக்கைப் பார்க்கலாம் என்று முடிவானது.

அறைக்கு ஆயிரம் ரூபாய், போட்டோக் கொப்பிக்கு எழுநூறு. பலூன் செலவைவிடக் குறைவு.

இந்த வருசமும் அதே அமைப்பிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. திருப்பி எழுதினேன். ஓட்டிசம் உள்ளவர்கள் குறைந்தது மூன்று பேர் பேச வேண்டும், அதில் ஒருவராவது வாயால் கதைக்காதவராக, எழுதியோ படம் காட்டியோ சொல்லுகிறவராக இருக்க வேண்டும். எங்கட பேச்சில் கை வைக்கக்கூடாது. பேச்சின் பிரதி சபைக்கு முன்பே போக வேண்டும். பிள்ளைகளைக் காட்சிக்கு மேடையேற்றக்கூடாது, அவர்களின் அந்தரங்கத்தை ஆரும் மைக்கில் சொல்லக்கூடாது, அனுமதி இல்லாமல் வீடியோ எடுக்கக்கூடாது. எங்களைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைக்க வேண்டும், விருந்தினர்கள் வந்தாலும் வராவிட்டாலும். பஸ் காசு தர வேண்டும். மூன்றாவது ஃபானைத் திருத்த வேண்டும்.

நேற்றுப் பதில் வந்தது. "எல்லாம் பாப்பம் பிள்ளை. உங்களிட்ட நீலச் சீலை இருக்கோ?"